பத்துக்கு எத்தனை?

மே 5, திங்கள்

ஜவுளி ஏஜென்ட் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி, நான்கு மாதமாகக் கல்லாப்பெட்டியின் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று உருவி எடுத்துவிட்டேன். கல்லா மறுபடி ஆடுகிறது. ஆடட்டும். நான்கு வாரத்துக்கு அதன் முன்னால் முக்கால்வாசி நேரம் உட்காரப் போவது நானில்லை, என் வீட்டுக்காரர் சென்னியப்பன். மூடிப்போன மில்லில் டைம் ஆபீசில் இருந்தவர். நைட்டிக் கடையையும் ஷிப்டு மாதிரிதான் நடத்துவார்.

நாளை எனக்கு வைத்தியம் ஆரம்பம். செவ்வாயும் வெள்ளியுமாக எட்டுத் தடவை. அம்மனுக்கு உகந்த நாளாகப் பார்த்துக் குறித்துக் கொடுத்திருக்கிறார் டாக்டர் நாசர்.

மூன்று வருடத்துக்கு முன் இடது மார்பை எடுத்தார்கள். கையோடு அந்த இடத்துக்குக் கதிரும் முழுசாகக் கொடுத்து முடித்தார்கள். இப்போது அதே தழும்பின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்து குந்தியிருக்கிறது. காலி செய்துவிட்டுப் போன வாடகைக்காரன் இன்னொரு சாவியை வைத்திருந்த மாதிரி.

"அதே எடத்துல திரும்ப முழு அளவு கதிர் குடுக்க முடியாதும்மா, தோல் தாங்காது. கொறைச்சுத்தான் குடுக்கணும்" என்றார் டாக்டர். "அதுக்குத் துணையா சூடு. கட்டியை ஒரு மணி நேரம் நாப்பத்திரண்டு டிகிரி வரைக்கும் சூடாக்கிட்டு உடனே கதிர் குடுப்போம். சூடு பட்ட செல்லுக்குக் கதிர் பட்ட காயத்தை ஆத்திக்கத் தெம்பு இருக்காது."

"கேக்கலீன்னா?"

"கேக்கலேன்னா அந்த எடத்துக்குச் செய்யறதுக்கு நம்மகிட்ட அதிகமா ஒண்ணும் மிச்சமில்ல. அதனால நல்லா ஒத்துழைக்கணும், துளசிமணி."

நேற்றுத்தான் கத்திரி பிறந்தது. கோயமுத்தூரே வெந்துகொண்டிருக்கிறது. இதில் சூட்டைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வெளியே பெஞ்சில் ஒரு பல்லடத்துக்காரி. தோலில் உணர்ச்சி செத்துப்போனவர்களுக்கு இந்தச் சூட்டு வைத்தியம் கொடுக்க மாட்டார்களாம், வெந்தாலும் தெரியாதாம், திருப்பி அனுப்பிவிடுவார்களாம். யாரோ சொன்னார்கள் என்றாள். அவளுக்கு ஏன் இந்த வேலை. எனக்கெல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

மே 6, செவ்வாய்

சூட்டு அறையின் அதிகாரி ஹெப்சிபா என்று ஒரு பெண். நாகர்கோவில்காரி. முப்பது வயதுகூட இருக்காது. முகத்தில் கள்ளமே கிடையாது. இந்த மாதிரி முகம் வியாபாரத்துக்கு உதவாது.

முதலில் பஞ்சால் அங்கங்கே தொட்டு, "கண்ணை மூடிக்கிடுங்கம்மா. தொடும்போது சொல்லணும், கேட்டீங்களா" என்றாள். கண்ணை மூடினேன். முழுசாக மூட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அவள் முழங்கை அசைந்தபோதெல்லாம் "ம்" என்றேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு மார்க் வாங்கியதில்லை.

பிறகு படுக்க வைத்து, நூல் மாதிரி மெல்லிய கம்பிகளைத் தழும்பு மேல் ஒட்டினாள். அது சூட்டை அளக்க. அதற்கு மேலே ஒரு தண்ணீர்ப் பை. அதற்கும் மேலே இட்லிக் குண்டான் மூடி போல ஒரு பெட்டி. அடுப்பு அதுதான். கையில் ஒரு மணியைக் கொடுத்தாள், தாங்க முடியாவிட்டால் அழுத்துவதற்கு.

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேப்பேன். சூடு பத்துக்கு எத்தனைன்னு சொல்லணும். ஒண்ணுன்னா ஒண்ணுமில்ல. பத்துன்னா தாங்கவே முடியல."

பத்து நிமிடம் ஆனது. "பத்துக்கு எத்தனைம்மா?"

இருபத்தேழு வருடமாக ஒப்பணக்கார வீதியில் கடை வைத்திருக்கிறேன். யார் எண்ணைக் கேட்டாலும் கூட்டித்தான் சொல்ல வேண்டும். எதிராளி குறைப்பார், நாம் கொஞ்சம் இறங்குவோம், நடுவில் எங்கேயோ வந்து நிற்கும். "ஏழு" என்றேன். சும்மா சொன்னால் நம்ப மாட்டாளே என்று முகத்தையும் கொஞ்சம் சுளித்தேன்.

அவள் பேரம் பேசவே இல்லை. எழுந்துபோய் எதையோ திருகிக் குறைத்தாள். எனக்குப் பிடித்துப்போனது. முப்பத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் "புழுங்குது" என்று சொல்லி ஒரு ஆள் எழுந்துபோய் ஒரு பொத்தானைத் தொட்டது இதுதான் முதல் தடவை.

முடிந்ததும் அடுத்த அறையில் கதிர். அது இரண்டே நிமிடம்.

மே 7, புதன்

நான் இல்லாத ஒரே ஒரு காலை. கடை வாசலில் போர்டு தொங்குகிறது: "ஒரே விலை". அவர் கையெழுத்து.

மே 9, வெள்ளி

இன்று எட்டு சொன்னேன். அப்புறம் ஏழரை. அரையைக் கேட்டதும் ஹெப்சிபாவுக்கு என் மேல் மதிப்பு கூடியது. "நுணுக்கமாச் சொல்லுதீங்கம்மா" என்றாள். அடுப்பைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் நான் குளிர்ச்சியாகத் தூங்கியே விட்டேன். நடுவில் மணியையும் இரண்டு தடவை அழுத்தினேன். ஒரு தடவை மூக்கு அரித்தது. இன்னொரு தடவை அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள. ஆகவில்லை.

கதிர் முடிந்து வெளியே வந்தால் டாக்டர் நாசர் கம்ப்யூட்டரில் என் சூடு ஏறி இறங்கிய கோட்டைப் பார்த்தபடி நிற்கிறார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "ரெண்டு தடவையும் நாப்பதைத் தாண்டல. இப்படியே போனா சூடு குடுத்ததுக்கு அர்த்தமில்ல. பாவம், உங்களுக்குத் தோல் ரொம்ப மென்மை போல" என்றார்.

என் தோலை மென்மை என்று சொன்ன முதல் ஆண்பிள்ளை. சந்தோஷப்பட முடியாத இடத்தில் வந்து சொல்கிறார்.

மே 11, ஞாயிறு

கடைக்குப் போனேன். முதல் வேலையாக அந்தப் போர்டின் மேல் ஒரு பெரிய சைஸ் நைட்டியை விரித்துத் தொங்கவிட்டேன். அவர் விசிறியை வேகமாக வீசிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு ஹெப்சிபா வந்து நிற்கிறாள். ஊருக்குப் போகிறாளாம், அம்மாவுக்கு நைட்டி வேண்டுமாம். பூப்போட்டதில் நல்லதாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். எவ்வளவு என்றாள். வாய்ப் பழக்கம், "நானூத்தம்பது" என்றேன். முந்நூறுக்கு வர வேண்டிய உருப்படி.

அவள் பர்ஸைத் திறந்து நானூற்றைம்பதை எடுத்து நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. "என்னம்மா இது, கொறைச்சுக் கேளு" என்றேன்.

"எதுக்கும்மா? நீங்க சொன்னா சரியாத்தான இருக்கும்."

"அட, கேளு கண்ணு. இருநூத்தம்பதுன்னு கேளு. நான் ஆகாதுங்கறேன். நீ போறாப்ல திரும்பு. நான் கூப்படறேன்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. ஆளுங்க ஒரு நம்பர் சொன்னா நான் அப்படியே எடுத்துக்கிடுவேன். என் வேலையே அதுதானே."

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து இருமினார். இந்தப் பெண் என் ஏழை ஏழாகவும் எட்டை எட்டாகவும் அல்லவா எடுத்துக்கொண்டிருக்கிறாள்? நான் விலை சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறேன், அவள் அடுப்பைத் தணித்துக்கொண்டே இருக்கிறாள். எட்டில் இரண்டு போய்விட்டது. கட்டி அங்கே சௌகரியமாகக் குந்தியிருக்கிறது.

முந்நூறு வாங்கிக்கொண்டு அனுப்பினேன். கர்சீப் ஒன்று சும்மா கொடுத்தேன்.

மே 13, செவ்வாய்

புத்திசாலிக்குத் திருத்திக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? "பத்துக்கு எத்தனைம்மா?" என்றாள். "ரெண்டு" என்றேன்.

"ரெண்டேதானா? கூட்டட்டுமா?"

"கூட்டும்மா. தாராளமாக் கூட்டு."

நாற்பத்திரண்டு. ஹெப்சிபா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். வயிற்றுப் பக்கம் கொஞ்சம் கதகதவென்று இருந்தது. மற்றபடி சௌகரியம்.

மே 15, வியாழன்

எங்கள் நாள்பட்ட வாடிக்கை ஒண்டிப்புதூர் அக்கா கடைக்கு வந்து என் வீட்டுக்காரரோடு சண்டை. "பேரம் பேசாம வாங்குனா வாங்குனாப்லயே இல்லீங். உங்க ஊட்டம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு போய்விட்டாளாம். அவரே வந்து சொன்னார். மறைக்கத் தெரியாத மனுஷன். எனக்கு இரவுச் சாப்பாடு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

மே 16, வெள்ளி

இன்று "ஒண்ணு" என்றேன். ஹெப்சிபா உடனே போகவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

"உறுதியாச் சொல்லுங்கம்மா. கம்பி ஒட்டின எடத்தைக் கம்பி சொல்லிரும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல இருக்கறது எனக்குத் தெரியாது. அங்க நீங்கதான் என் கண்ணு."

அவள் கண்ணைப் பார்க்காமல் "ஒண்ணுதான் கண்ணு, கூட்டு" என்றேன்.

டாக்டர் நாசர் கோட்டைப் பார்த்துச் சிரித்தார். "இப்படித்தான் இருக்கணும். திடீர்னு எப்படி இவ்வளவு தாங்கறீங்க?" என்றார். மனசுக்குள் மாரியம்மனை நினைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் அதையும் எங்கோ குறித்துக்கொண்டார்.

சின்ன டேமேஜ் இருக்கிற உருப்படியை, டேமேஜ் உள்ளே போகிற மாதிரி மடித்து அடுக்குவது என் தொழில். விரித்துப் பார்த்தால்தானே தெரியும். யாரும் விரித்துப் பார்க்கவில்லை.

மே 17, சனி

ஜாக்கெட் இடது பக்கம் ஒட்டுகிறது. வேர்வையாக இருக்கும்.

மே 18, ஞாயிறு

வேர்வை இல்லை.

குளித்துவிட்டு ஜாக்கெட்டைப் பார்த்தால் மஞ்சளாக ஒரு கறை. மூன்று வருடமாக நான் அந்தப் பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பதில்லை. சுவரைப் பார்த்து நின்றுதான் சேலை கட்டுவேன். அவரும் அந்த நேரத்துக்குச் சரியாகப் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். டைம் ஆபீஸ் ஒழுங்கு. அவர் கேட்டதில்லை, நான் காட்டியதில்லை.

இன்று கூப்பிட்டேன். "என்னங்க, இங்க சித்த வந்து பாருங்க."

வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தத் தடவை முழுசாகவே மூடினேன்.

"கொப்புளம்" என்றார். "எட்டணா அகலம் இருக்குது. ஒடைஞ்சு தண்ணி வருது."

"அப்பறம்?"

"சுத்தியும் செவந்திருக்குது."

"பாக்க எப்படி இருக்குதுங்க?"

"கொப்புளமாட்டத்தான் இருக்குது."

மூன்று வருடமாக நான் பயந்த கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். அழுதுவிட்டேன்.

"வலிக்குதா?"

"வலிக்கலீங்க. அதான் அழுகறேன்."

அவருக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து அந்த இடம் எனக்கு இல்லை. கிள்ளினால் தெரியாது, எறும்பு கடித்தால் தெரியாது. ஏழும் எட்டும் ரெண்டும் ஒன்றும் நான் வாயில் வந்தபடி சொன்ன எண்கள். அந்தப் பெண் தொட்டதும் தெரியவில்லை, சுட்டதும் தெரியவில்லை.

"ஆசுபத்திரியில இதைச் சொன்னயா?"

"சொன்னா அனுப்பிச்சுருவாங்கங்க. பல்லடத்துக்காரி சொன்னா."

"அனுப்புனா ஊட்டுக்கு வருவோம். பொய் சொல்லி வேகறதுக்கு அது மேலு. நாளைக்குச் சொல்லோணும்."

எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 19, திங்கள்

சொன்னேன்.

ஹெப்சிபா கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொத நாளே பஞ்சு வெச்சுப் பாத்தேனேம்மா. எல்லாம் சரியாச் சொன்னீங்களே."

"ஒன்ற முழங்கையைப் பார்த்துச் சொன்னேன் கண்ணு."

"ஏம்மா?"

"டேமேஜ் பீஸுன்னு திருப்பி அனுப்பிச்சுருவீங்கன்னு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். கோபமா அழுகையா தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "இங்க வாற பாதிப் பேருக்கு அந்த எடத்துல உணர்ச்சி கிடையாதும்மா. ஆபரேஷன் செய்த எடமில்லையா. யாரையும் திருப்பி அனுப்பினது இல்ல. தெரிஞ்சிருந்தா இன்னும் நாலு கம்பி சேத்து ஒட்டியிருப்பேன். அம்புட்டுதான் விஷயம்."

நாலு கம்பி. என் இரண்டு வாரத் தந்திரத்தின் மொத்த மதிப்பு நாலு கம்பி. பல்லடத்துக்காரி மட்டும் கையில் கிடைத்தால் ஒரே விலையில் முடித்துவிடுவேன்.

டாக்டர் நாசர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மொத ரெண்டு தடவை சூடு ஏறல. இந்த வாரம் ரெண்டு தடவையும் கொப்புளத்துக்காகச் சூட்டை நிறுத்தணும், வெறும் கதிர்தான். கடைசி ரெண்டு ஒழுங்கா அமைஞ்சா எட்டுல நாலு. அது போதுமான்னு என்னால சொல்ல முடியாது, துளசிமணி. உண்மையைச் சொல்றேன்" என்றார்.

எல்லோரும் உண்மையைச் சொல்லுகிற ஊராகிவிட்டது இது.

மே 20, செவ்வாய்

கதிர் மட்டும். இரண்டு நிமிடம். அடுப்பு மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது.

மே 22, வியாழன்

காலையும் மாலையும் அவர்தான் மருந்து போடுகிறார். பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவது நின்றுவிட்டது. தினமும் அறிக்கை வேறு. "இன்னிக்கு ஓரம் காஞ்சிருக்குது." "செவப்பு கொறைஞ்சிருக்குது." நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் வாய் வெந்தா போய்விடும் என்று கேட்டேன். "நாளைக்குக் கொறைஞ்சா நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

மே 23, வெள்ளி

கதிர் மட்டும். கட்டியைத் தடவிப் பார்த்தேன். விரலுக்குத் தெரிகிறது, நெஞ்சுக்குத் தெரியவில்லை. வேறு யாருடைய கட்டியையோ தொடுகிற மாதிரி இருக்கிறது. பேரம் எல்லாம் படிந்து முடிந்த பிறகு நான் வந்து நிற்கிற மாதிரியும் இருக்கிறது. இரவு சோறு இறங்கவில்லை.

மே 27, செவ்வாய்

கொப்புளம் ஆறிவிட்டது. ஹெப்சிபா நாலு அல்ல, ஆறு கம்பி கூடுதலாக ஒட்டினாள். ஊரிலிருந்து அவள் அம்மா எனக்கு நேந்திரம் சிப்ஸ் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். நைட்டி பிடித்ததாம்.

"செத்த எடத்தைக் கம்பி பாத்துக்கிடும். அதைச் சுத்தி உயிர் இருக்கற எடம் இருக்குல்ல, அக்குள் பக்கம், வயித்துப் பக்கம், அதை மட்டும் நீங்க சொல்லுங்க. நெசமா" என்றாள்.

பத்து நிமிடம். "பத்துக்கு எத்தனைம்மா?"

வாய்வரைக்கும் ஏழு வந்தது. விழுங்கினேன். ரெண்டு வந்தது. அதையும் விழுங்கினேன். கண்ணை மூடி அக்குள் பக்கம் என்ன இருக்கிறது என்று முதல் தடவையாக யோசித்தேன். வெந்நீர் ஒத்தடம் மாதிரி இருந்தது.

"நாலு."

"நாலுன்னா?"

"நாலுன்னா நாலுதான் கண்ணு. ஒரே வெலை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அக்குளுக்குக் கீழே ஒரு இடம் சுரீர் என்றது. மணியை அழுத்தினேன். ஓடி வந்தாள். "இங்க. எட்டு" என்றேன். தண்ணீர்ப் பை அங்கே மடிந்து விலகியிருந்தது. நீவிச் சரி செய்தாள். "இதுதாம்மா வேணும்" என்றாள். மூக்கு அரித்ததற்கு அழுத்தாமல் அடக்கிக்கொண்டேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாற்பத்திரண்டு, ஒரு மணி நேரம் முழுசாக.

மே 30, வெள்ளி

கடைசி. நாலு, நாலு, அஞ்சு, நாலு. நாற்பத்திரண்டரை. கத்திரியும் முடிந்துவிட்டது, காலையில் வாளையார் பக்கமிருந்து காற்று வருகிறது. ஹெப்சிபாவிடம் மணியைத் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை. வீட்டில் வைத்துக்கொண்டால் உபயோகப்படும் என்றேன். தரவில்லை.

ஐந்து வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அதுவரைக்கும் தொட்டுத் தொட்டுப் பார்க்கக் கூடாதாம். தொடுவதில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். இது மட்டும் பொய்தான்.

ஜூன் 21, சனி

"ஒரே விலை" போர்டைத் திருப்பி, ஆடிக்கு ஒரு மாதம் முன்பே பின்பக்கத்தில் "ஆடித் தள்ளுபடி" என்று எழுதி வைத்தேன். ஒண்டிப்புதூர் அக்கா திரும்ப வந்துவிட்டாள். இருபது நிமிடம் சண்டை போட்டு மூன்று உருப்படி எடுத்தாள். இரண்டு பேருக்கும் முகத்தில் தெளிச்சி. ஆஸ்பத்திரிக்கு ஒரு சட்டம், கடைக்கு ஒரு சட்டம்.

ஜூலை 4, வெள்ளி

டாக்டர் நாசர் ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தி, ஸ்கிரீனைப் பார்த்து, மறுபடி அழுத்தினார். என் வீட்டுக்காரர் ஓரத்தில் நின்றார். நான் மோட்டுவளையில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகர்ந்தால் நல்ல சேதி என்று வைத்துக்கொண்டேன். நகரவில்லை. அதற்கு என்ன தெரியும்.

"நெல்லிக்காயா இருந்தது இப்ப சுண்டைக்காய்" என்றார் டாக்டர். "மூணுல ஒரு பங்குகூட இல்ல."

அதோடு விட முடியுமா? "இன்னுங் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க டாக்டர்" என்றேன்.

"நான் போடறதில்லம்மா அது. இன்னும் ரெண்டு மாசம் அது தானாச் சுருங்கலாம். சுருங்காமலும் நிக்கலாம். செப்டம்பர்ல பாப்போம்."

"கடைசியா அவ்வளவுதானுங்களா?"

"இன்னிக்கு அவ்வளவுதான்" என்றார். சிரித்தார். கதவுக்குப் பின்னால் ஹெப்சிபா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடினாள்.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போது சுவரைப் பார்த்து நிற்க மறந்துபோனேன். மருந்து போடுகிற வேலை முடிந்து மாதமாகிறது, ஆனாலும் அவர் பக்கத்தில் வந்து நின்றார். கேட்காமலே உள்ளங்கையை அந்தத் தழும்பின் மேல் வைத்தார்.

"தெரியுதா?"

தெரியுது என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகாது. எத்தனை பேரிடம் எத்தனை எண் சொன்னவள் நான். "இல்லீங்க" என்றேன்.

"செரி" என்றார். கையை எடுக்கவில்லை. வெளியே யாரோ கேட்டைத் தட்டிவிட்டுப் போனார்கள். அப்போதும் எடுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, ஹெப்சிபா மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு, "பத்துக்கு எத்தனை?" என்றார்.

"பத்து" என்றேன்.

கூட்டித்தான் சொன்னேன். அவர் பேரம் பேசவில்லை.